விளையாட்டுக் களத்திலும் சட்டம் உண்டு

வலைவீரன் தன் வலையை எதிராளியின் இடது தோளை நோக்கி வீசுகிறான். ஒருவர் எழுதக்கூடியது அவ்வளவுதான். வலை தோளில் விழுந்ததா, கேடயத்தில் பட்டுச் சரிந்ததா என்பதை எதிரில் ஆடுபவர்தான் எழுத வேண்டும். ரோமானிய கிளாடியேட்டர் சண்டைகளை இணையத்தில் பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளே குழுக்கள் பலவற்றில் இதுதான் அடிப்படை விதி. அடி உன்னுடையது, அவன் உடம்பு அவனுடையது. அடுத்தவர் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்று தானே எழுதி முடிப்பவரை மாடரேட்டர் எச்சரிப்பார், மீறினால் வெளியேற்றுவார்.

அசல் ரோமிலும் கண்மூடித்தனமான வெட்டுக்குத்து நடந்துவிடவில்லை. கையில் கோலோடு நடுவர் நின்றார். தோற்றவர் விரலை உயர்த்தி உயிர்ப்பிச்சை கேட்கலாம். அந்தக் கொடூரமான களத்துக்கே விதி இருந்தது என்பதை இன்றைய ஆட்டக்காரர்கள் மறக்கக் கூடாது. களத்துக்குள் வருகிறவர் விதிக்கு உட்பட்ட அடிக்குத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆபாசப் பேச்சு, மிரட்டல், பின்தொடர்தல், படம் கேட்டுத் தொந்தரவு ஆகிய எதற்கும் அவர் சம்மதம் தரவில்லை. ‘ஆட்டம்தானே, விடு’ என்று யார் சொன்னாலும் அது பதில் ஆகாது.

இந்த வாதம் முதன்முதலில் பெரிதாக எழுந்தது 1993-ல். லாம்ப்டாமூ என்ற, முழுக்க எழுத்தாலேயே ஆன கற்பனை உலகில் ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் வந்தவர், ‘வூடூ பொம்மை’ என்ற நிரலைக் கொண்டு மற்றவர்களின் பாத்திரங்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாவதுபோல் எல்லோர் திரையிலும் எழுத வைத்தார். அடுத்தவர் உடம்பைத் தானே எழுதக் கூடாது என்ற அதே விதியின் மிகக் கொடிய மீறல் அது. நடந்தது கதைக்குள்தான். ஆனால் பாதிக்கப்பட்டவர் அழுதது நிஜத்தில். செய்தியாளர் ஜூலியன் டிபெல் அதே ஆண்டு இதைக் கட்டுரையாக எழுதியபோது உலகம் திடுக்கிட்டது. பங்கிள் நீக்கப்பட்டார், கொஞ்ச நாளில் வேறு பெயரில் திரும்பியும் வந்தார். கணக்கை முடக்குவது மட்டும் தீர்வாகாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

2016-ல் ‘க்விவர்’ என்ற விஆர் (மெய்நிகர்) வில்வித்தை விளையாட்டில் ஒரு பெண்ணின் பாத்திரத்தை இன்னொரு ஆட்டக்காரர் விடாமல் சீண்டினார். அந்தப் பெண் அதை வெளியில் எழுதியதும், உருவாக்குநர்கள் மழுப்பவில்லை. கைகளைச் சேர்த்து விலக்கும் ஒரே சைகையில் அத்துமீறுபவர் மறைந்துவிடும் வசதியைக் கொண்டுவந்தார்கள். 2022 பிப்ரவரியில் மெட்டா நிறுவனமும் தன் விஆர் உலகில் பாத்திரங்களுக்கிடையே சுமார் 4 அடி இடைவெளியை இயல்பு அமைப்பாக்கியது. பாதுகாப்பு என்பது வடிவமைப்பாளர் கையில் இருக்கிறது, மனம் வைத்தால் முடியும்.

குழந்தைகள் விஷயத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். கடைசிவரை நிற்பவரே வெற்றியாளர் என்ற சண்டை விளையாட்டான ஃபோர்ட்நைட்டில், சிறுவர்களுக்கும் வாய்ஸ் சாட் தானாகவே திறந்திருந்தது. முன்பின் தெரியாதவர்களோடு அவர்கள் ஜோடி சேர்க்கப்பட்டார்கள். மிரட்டலும் சீண்டலும் நடந்ததாக அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனம், சிறுவர் தனியுரிமை மீறலுக்காக 27.5 கோடி டாலர் அபராதம் கட்டவும், ஏமாற்றி வாங்கவைத்த பொருட்களுக்காக 24.5 கோடி டாலர் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது.

வழக்கமான வலை எப்படி விரிக்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பொது சாட்டில் பாராட்டு, ஒரு ஸ்கின் (பாத்திரத்துக்கான உடை) பரிசு, அப்புறம் ‘தனியா பேசலாம் வா’ என்ற அழைப்பு, பிறகு ஒரு படம். அந்தப் படம் கிடைத்த நிமிடமே குரல் மாறும்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தையைப் பாலியல் நோக்கில் இணைய உறவுக்கு இழுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் குற்றம். பாலியல் நோக்கோடு மின்னணு வழியில் குழந்தையைப் பின்தொடர்வது போக்சோ சட்டத்தில் வருகிறது. ‘ஸ்டேஷனுக்கு அலையணுமே’ என்று தயங்கும் பெற்றோருக்கு ஒன்று: போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் போலீசார் பதிவு செய்ய வேண்டும்.

புகார் கொடுக்குமுன் கணக்கை அழித்துவிடாதீர்கள். பலர் பதற்றத்தில் செய்யும் தவறு அதுதான். முழுத் திரையும் தெரிய, நாளும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; டிஸ்கார்டு போன்ற தளங்களில் பயனருக்கான எண் ஐடி மாறாது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் அந்தரங்கப் படம் என்றால் அதை உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, அதுவே குற்றமாகிவிடும். 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் பதிவேற்றாமலே அது வேலை செய்யும். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள், அவர் பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. நுழைவுப் பணம் கட்டு, ஜெயித்தால் இரட்டிப்பு என்று அழைக்கும் ‘லீக்’கிலிருந்து விலகிவிடுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவோருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பிள்ளை வாங்கிய ஸ்கினுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனம் மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

பணமோசடி என்றால் உடனே 1930. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், எண் 15100. குற்றம் செய்தவர் எந்த ஊரில் இருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.