அக்காவைக் கொன்றவர் கையில் ராக்கி கட்டிய கன்னியாஸ்திரி!

1995 பிப்ரவரி 25. மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரிலிருந்து இந்தூர் நோக்கிச் சென்ற பேருந்தில், பயணிகளின் கண்ணெதிரே கன்னியாஸ்திரி ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அவர் பெயர் ராணி மரியா. வயது 41. கேரளத்தின் புல்லுவழி கிராமத்தில் பிறந்தவர்.

அவர் செய்த 'குற்றம்' என்ன தெரியுமா? வட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்த ஏழை விவசாயிகள் சொந்தக் காலில் நிற்க வழிகாட்டியதுதான். அதனால் ஆத்திரமடைந்தவர்களின் தூண்டுதலில் கத்தி எடுத்தவர், சமந்தர் சிங் என்ற இளைஞர். நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, சுவாமி சதானந்த் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் சிறைக்குச் சென்று சமந்தரிடம் பேசினார். 2002-ல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால் சிறைக்கு வந்தார். அவரும் கன்னியாஸ்திரிதான். அக்காவைக் குத்திய அதே கையில் ராக்கி கட்டி, சமந்தரைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார்.

பின்னர் சமந்தரைச் சந்தித்த தாய் எலிஸ்வா, அவர் கைகளில் முத்தமிட்டார். தன் மகளின் ரத்தம் பட்ட கைகள் என்பதே அந்தத் தாய் சொன்ன காரணம்!

தண்டனை வேறு, மன்னிப்பு வேறு

ராணி மரியாவின் குடும்பமே சமந்தரின் விடுதலைக்காக மனுப் போட்டது. 2006-ல் அவர் வெளியே வந்தார். செய்த குற்றத்துக்காக ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டுத்தான் வந்தார். சட்டத்தின் வேலையை அந்தக் குடும்பம் தடுக்கவில்லை. தங்கள் மனதிலிருந்த பகையை மட்டும் இறக்கி வைத்தது.

தவறு செய்தவரை ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்க, இயேசு அதைப் பல மடங்காக்கிப் பதில் சொன்னதாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. மன்னிப்புக்குக் கணக்கு வைக்காதே என்பது அதன் பொருள். பிரசங்கத்தில் கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இந்தப் போதனையை, பெற்ற மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் வாழ்ந்து காட்டினார்.

2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு 'அருளாளர்' பட்டம் வழங்கப்பட்டது. அந்த விழாவுக்கு வந்திருந்தவர்களில் சமந்தர் சிங்கும் ஒருவர்.

சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள், பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காக முகம் திருப்பிய சம்பந்திகள் என எல்லார் வீட்டிலும் ஒரு பழைய மனத்தாங்கல் இருக்கிறது. பெரியவர்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்!