மேலே மூத்தது, கீழே இளையது

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில், உல்லாபூல் துறைமுகத்திலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் நாக்கன் என்றொரு பாறைச் சரிவு வரும். பெரிய உயரமில்லை. கீழே வெளிறிய சுண்ணாம்புக்கல், மேலே கருத்த சிஸ்ட் பாறை. இரண்டும் சந்திக்கும் கோட்டின்மேல் கையை விரித்து வைத்தால் இரண்டையும் ஒருசேரத் தொடலாம். கீழே உள்ள சுண்ணாம்புக்கல்லுக்கு வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டு. அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்ட்டுக்கோ 90, 100 கோடி. பழைய படிவு அடியில் இருக்கும், புதியது மேலே வரும் என்பது நிலவியலின் அரிச்சுவடி. நாக்கனில் அது தலைகீழாகக் கிடக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறைவரிசையை முன்வைத்து மூண்ட சண்டை நிலவியல் வரலாற்றில் பெயர்பெற்றது. பிரிட்டிஷ் நிலவியல் அளவைத் துறையின் தலைவர் ராடரிக் மர்ச்சிசன், பூமியின் காலக்கணக்கில் சைலூரியன் என்ற பகுதிக்குப் பெயர் வைத்தவர். இருக்கிற வரிசையிலேயே எல்லாம் படிந்தன, மேலே உள்ள சிஸ்ட்தான் இளையது என்று அவர் அடித்துச் சொன்னார். அப்படியென்றால் ஸ்காட்டிஷ் மலைநாட்டின் பெரும்பகுதி அவருடைய சைலூரியனில் சேர்ந்துவிடும். அபர்டீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கல் இதை மறுத்தார். அவர் தந்த விளக்கம் முழுக்கச் சரியல்ல. ஆனால் இந்த வரிசை இயல்பானதல்ல, பாறை உடைந்து இடம் மாறியிருக்கிறது என்ற அடிப்படையை அவர் சரியாகப் பிடித்திருந்தார். பதவியும் செல்வாக்கும் மர்ச்சிசன் பக்கம் இருந்தன. 1879இல் நிக்கல் இறக்கும்வரை அவர் பேச்சு எடுபடவில்லை.

பள்ளி ஆசிரியராக இருந்து பேராசிரியரான சார்லஸ் லாப்வொர்த் 1882, 83இல் வடகோடியின் டர்னஸ், எரிபால் பகுதிகளை அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கி, நிக்கலின் பக்கம் நியாயம் இருப்பதைக் காட்டினார். அந்த உழைப்பில் அவர் உடலும் மனமும் குலைந்து படுத்துவிட்டார். மர்ச்சிசனின் சீடரான ஆர்ச்சிபால்ட் கீக்கி அப்போது அளவைத் துறைத் தலைவர். அவர் தன் துறையைச் சேர்ந்த பென் பீச், ஜான் ஹார்ன் இருவரையும் அங்கே அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த முடிவு குருநாதரின் கொள்கைக்கு நேர் எதிரானது. 1884இல் கீக்கி அதை வெளிப்படையாக ஏற்று அச்சிலேயே எழுதினார். அறிவியலில் இப்படி ஒருவர் தன் பழைய நிலையை எல்லோரும் அறியக் கைவிடுவது எனக்கு எப்போதும் பெரிய செயலாகவே படுகிறது.

பழைய பாறை எப்படி மேலே ஏறியது? அதே குழுவில் இருந்த ஹென்றி கேடல் மணல், களிமண், பிளாஸ்டர் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒரு பக்கத்தை உள்ளே தள்ளி நெருக்கினார். அடுக்குகள் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, நம் நாட்டு ஓட்டுக் கூரை போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஏறின. வடமேற்கு மலைகளில் பீச்சும் ஹார்னும் கண்ட அமைப்பு அப்படியே பெட்டிக்குள் உருவானது. பெட்டியைத் தள்ளிய கை எது என்பதற்கு விடை, கண்டத்தட்டுகளைப் பற்றி நாம் அறிந்த பிறகே வந்தது. ஐயாபெடஸ் என்ற பழங்காலக் கடல் மூடி, அதன் இரு கரையிலும் இருந்த கண்டங்கள் மோதிக்கொண்டன. சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன், சிஸ்ட் பாறைப் பாளம் ஒன்று பல பத்து கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து இளைய பாறைகளின்மேல் ஏறியது. மொயின் த்ரஸ்ட் எனப்படும் இந்தப் பிளவு எரிபாலிலிருந்து ஸ்கை தீவு வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிறது. பீச், ஹார்ன் குழுவின் பெரிய அறிக்கை 1907இல் வெளியானது. உலகின் மற்ற மலைத்தொடர்களை ஆராய்ந்தவர்களுக்கு அது வழிகாட்டி நூலானது.

பிளவுக்கு மேற்கே அசின்ட் வட்டாரத்தில் தரையே மாறிவிடுகிறது. அடித்தளம் நீஸ் பாறை. அதன் மூத்த பகுதிகளுக்கு வயது 300 கோடி ஆண்டு, ஐரோப்பாவின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று. அதன்மேல் பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய செம்மணற்பாறை. பனியாறுகள் மணற்பாறையைச் சீவித் தள்ளிவிட, மிச்சம் நின்றவைதான் 731 மீட்டர் உயரமுள்ள சூல்வென் போன்ற தனித்தனி மலைகள். சுற்றிலும் மொட்டைக் குன்றுகள், குன்றுக்குக் குன்று நடுவே சின்னச் சின்ன ஏரிகள். நீஸ் நீரை உள்ளே விடாது, மண்ணுக்குச் சத்தும் அதிகம் தராது. ஓயாத மழையில் செடிகள் முழுதாக மக்காமல் தேங்கி, அமிலம் மிகுந்த பீட் என்ற கருமண்ணாகின்றன.

பசுமை வேண்டுமென்றால் சுண்ணாம்பைத் தேட வேண்டும். நாக்கனில் சிஸ்ட்டுக்கு அடியில் அகப்பட்ட அந்த மெல்லிய சுண்ணாம்புக்கல் எட்டிப் பார்க்கும் இடமெல்லாம், எல்ஃபினிலும் டர்னஸிலும், பழுப்பு நிலத்தின் நடுவே திடீரென்று பச்சைப் புல் விரிகிறது. எலும்பைக் காப்பதும் அந்தக் கல்தான். இன்ச்நடாம்ஃப் அருகே ஒரு சுண்ணாம்புக் குகையில் பீச்சும் ஹார்னும் 1889இல் தோண்டியபோது கரடி, கலைமான் எலும்புகள் கிடைத்தன. பீட்டின் அமிலத்தில் எலும்பு கரைந்துபோகும்.

கடலைத் தாண்டி மேற்குத் தீவுகளிலும் இதே கதைதான். அங்கே சுண்ணாம்பைக் கடல் கொடுக்கிறது. நொறுங்கிய சிப்பி மணலைக் காற்று கரையேற்றி, மச்சைர் என்ற சமவெளியை மேற்குக் கரையோரம் பரப்பியிருக்கிறது. மக்கள் அதில் கடற்பாசியை உரமாக இட்டுப் பயிர் செய்தார்கள். கோடையில் அது முழுக்கப் பூவாக இருக்கும். பிரிட்டனின் மற்ற பகுதிகளில் அருகிவிட்ட கார்ன்கிரேக் பறவைக்கு அது அடைக்கலம்.

அந்த மேற்குத் தீவுகளில் ஒன்றான லூயிஸின் கேலனிஷில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் நீஸ் கற்களை நிறுத்தி வட்டம் அமைத்திருக்கிறார்கள். வட்டத்தில் 13 கற்கள், நடுக்கல் மட்டும் 4.8 மீட்டர். பின்னால் அந்த இடத்தின்மேல் பீட் வளர்ந்து கற்களின் அடிப்பகுதியைப் புதைத்தது. 1857இல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பீட்டை வெட்டி அகற்றிய பிறகே அவை முழு உயரத்தில் தெரிந்தன.  

மீண்டும் பெருநிலத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அசின்ட் அடங்கிய சதர்லாந்து பண்ணையின் நிர்வாகம் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து கேலிக் மொழி பேசிய குடும்பங்களை வெளியேற்றி, அந்த நிலத்தை ஆட்டுப் பண்ணைகளுக்குக் கொடுத்தது. நல்ல புல் வளர்ந்த மண் ஆடுகளுக்குப் போயிற்று. மனிதர்களுக்குக் கிடைத்தது கரையோரத்து மொட்டை நீஸ். கல்லிடுக்கில் மண்ணைக் கூட்டி வரப்பு கட்டி, உருளைக்கிழங்கு நட்டு, மீன் பிடித்து வாழ்ந்தார்கள். நிலவியல் வரைபடத்தையும் பழைய குடியிருப்புகளின் வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எவ்வளவு பெரிய அநீதி அது என்பது வண்ண வண்ணமாகத் தெரியும்.

அந்த நீஸ் கரையில் குத்தகைக்கு வாழ்ந்த சிறு விவசாயிகள்தான் 1993இல் பணம் திரட்டி, அசின்டில் உள்ள வடக்கு லாக்கின்வர் பண்ணையின் 21,000 ஏக்கரைத் தங்கள் அறக்கட்டளையின் பெயரில் வாங்கினார்கள். அதன்பின் இன்னும் பல ஊர்கள் அந்த வழியில் நடந்தன. 2003இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சமூகங்கள் நிலம் வாங்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2005இல் சூல்வென் மலையும் உள்ளூர் சமூகத்தின் சொத்தானது. லாக்கின்வர் பக்கத்து விவசாயிகள் வெறுங்குன்றுகளில் பிர்ச் மரம் நட்டிருக்கிறார்கள். நீஸ் குழியில் தேங்கும் ஏரிநீர் ஒன்றைக் கீழே இறக்கி, சொந்தமாக மின்சாரமும் எடுக்கிறார்கள்.