வார்ப்பிரும்புப் பொம்மைக் கார்கள்: அசலும் நகலும்

முதல் உலகப்போருக்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்கச் சிறுவர்களின் கைகளில் உருண்ட வார்ப்பிரும்புப் பொம்மைக் கார்கள், இன்று சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கும் அரும்பொருள்களாகிவிட்டன. இலினாய் மாநிலத்து ஃப்ரீபோர்ட் நகரின் ஆர்கேட், பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் இயங்கிய ஹப்ளி, ஒஹாயோவின் கென்டன் ஆகியவை இத்தொழிலில் பெயர்பெற்ற நிறுவனங்கள். காப்பிக்கொட்டை அரைக்கும் கையாலைகளையும் செய்துவந்த ஆர்கேட், சிகாகோ வீதிகளில் ஓடிய மஞ்சள் டாக்சியை 1920களில் பொம்மையாக வார்த்துப் புகழடைந்தது.

இவற்றின் மதிப்பை அறியச் செய்முறையை அறிந்தாக வேண்டும். களிமண் கலந்த ஈர நுண்மணலில், உலோகத்தில் நேர்த்தியாகச் செதுக்கிய மாதிரியுருவை அழுத்தி எடுத்து, அங்கே பதிந்த பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றி ஆறவிட்டால் காரின் ஒரு பாதி கிடைக்கும். பெரும்பாலும் இடம், வலம் என இரு பாதிகளாக வார்த்து, அவற்றினூடே ஆணியைச் செலுத்தி, அதன் முனையைத் தட்டிப் பரப்பிவிடுவர். இப்படிக் கழற்ற முடியாதபடி இறுக்கும் ஆணியே தறையாணி, அதாவது ரிவிட். கரிமம் 2 விழுக்காட்டுக்கு மேல் கலந்திருப்பதால் வார்ப்பிரும்பு எஃகைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகி அச்சின் நுண்ணிய மூலைகளிலும் பாய்கிறது. அதே கரிமம் கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து நிற்பதால், பொம்மை கீழே விழுந்தால் வளையாமல் உடைகிறது. சிறுவர் விளையாடிய கார்களில் ஊனமின்றித் தப்பியவை சில என்பதில் வியப்பில்லை.

போலியைக் காட்டிக்கொடுப்பதும் இந்த உலோகத்தின் இயல்புதான். இரும்பு இறுகிக் குளிரும்போது நீளத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்குமாதலால், மாதிரியுருவை அந்த அளவுக்குப் பெரிதாகவே செதுக்குவர். பழைய பொம்மையையே மாதிரியுருவாகக் கொண்டு நகல் வார்ப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், அவருடைய கார் அசலைவிடச் சற்றுக் குட்டையாகவே பிறக்கிறது. 20 செ.மீ. காரில் இவ்வேறுபாடு 2 மி.மீ.தான் என்றாலும், அசலின் அளவைக் குறித்துவைத்திருப்பவருக்கு அதுவே போதும். நகலின் மேற்பரப்பு சொரசொரப்பாகவும், பாதிகள் சேரும் விளிம்பு இடைவெளியோடும் இருப்பது வழக்கம். கூட்டல்குறிப் பள்ளமுள்ள திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. 1920களின் பொம்மை என்று விற்கப்படும் காரில் அது தென்பட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

துத்தநாகக் கலவை வார்ப்புகளும் இரண்டாம் உலகப்போர்க்கால உலோகக் கட்டுப்பாடும் இத்தொழிலை முடித்துவைத்தன. எஞ்சியவற்றுள், பழைய வண்ணம் பாதி உதிர்ந்த காரையே, புதுவண்ணம் பூசி மினுக்கிய காரைவிடச் சேகரிப்பாளர்கள் மேலாக மதிக்கின்றனர். ஆகவே இத்தகைய கார் கிடைக்கப்பெற்றவர் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதிருப்பதே நல்லது.