உடல் எடையும் உறக்கத்தின் உரிமையும்



உடல் பருத்துவிட்டதே என்று ஒருவரேனும் கவலைப்படாத குடும்பம் இன்று அரிது. சோற்றைக் குறைக்கிறோம், எண்ணெய்ப் பண்டங்களை ஒதுக்குகிறோம், காலையில் நடக்கிறோம். ஆயினும் எடை குறைவதில்லை. வாயைக் கட்டத் தெரியவில்லையே என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். ஆனால், நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தோம் என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. உடல் எடை கூடுவதற்கான காரணங்களுள் உறக்கக் குறைவும் ஒன்று என்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

பசியை ஆளும் இருவர்

நம் உடலிலுள்ள கொழுப்புத் திசுக்களில் லெப்டின் எனும் ஹார்மோன் சுரக்கிறது. 'சேமிப்புப் போதுமான அளவு இருக்கிறது' என்று மூளைக்கு அறிவிப்பது இதுவே. இரைப்பையில் கிரெலின் எனும் மற்றொரு ஹார்மோன் சுரக்கிறது. 'உணவு வேண்டும்' என்று கேட்பது இது. முன்னது 1994-லும் பின்னது 1999-லும் கண்டறியப்பட்டன.

2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நல்ல உடல்நலம் கொண்ட 12 இளைஞர்களை ஆராய்ந்தனர். இரண்டு இரவுகள் பத்து மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமும் மட்டும் அவர்கள் படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டனர். உறக்கம் குறைந்தபோது லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. கிரெலின் 28 விழுக்காடு கூடியது. பசி 24 விழுக்காடு அதிகரித்தது. அதிலும் இனிப்பு, உப்புப் பண்டங்கள், மாவுப் பண்டங்கள் ஆகியவற்றின் மீதே ஆசை பெருகியது.

பிந்திய ஆய்வுகள் அனைத்திலும் ஹார்மோன்களின் மாற்றம் இதே போன்று காணப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், உறக்கம் குறைந்தவர் கூடுதலாக உண்கிறார் என்பதில் அவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

விழித்திருந்தால் எடை குறையாதா?

'விழித்திருக்கும் உடல் கூடுதலாக உழைக்கிறது. அதனால் எடை குறையத்தானே வேண்டும்?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2013-இல் அமெரிக்காவில் 16 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஐந்து நாட்கள், இரவில் ஐந்து மணி நேரமே உறங்க வாய்ப்பளிக்கப்பட்டவர்களின் உடல் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுதல் ஆற்றலைச் செலவிட்டது. ஆனால் அவர்கள் அதையும் மிஞ்சி உண்டனர். குறிப்பாக, இரவு உணவுக்குப் பின் உண்டனர். விளைவு, எடை சுமார் 800 கிராம் கூடியது.

உணவுக் கட்டுப்பாட்டில் இருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனான 10 பேர் இரண்டு வாரங்கள் அளவு குறைத்து உண்டனர். எட்டரை மணி நேரம் படுத்தபோதும், ஐந்தரை மணி நேரம் மட்டுமே படுத்தபோதும் குறைந்த எடை ஏறத்தாழ ஒன்றே, 3 கிலோ. ஆனால் நன்கு உறங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, உறக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே. எஞ்சியது தசை முதலிய, நாம் இழக்கக் கூடாத பகுதியாகும். பட்டினியின் பலனைக் கண்விழிப்பு பறித்துக்கொண்டது!

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2022-இல் வெளியான ஆய்வில், ஆறரை மணி நேரத்திற்கும் குறைவாக உறங்கி வந்த, எடை மிகுந்த 80 பேர் பங்கேற்றனர். அவர்களுள் உறக்கத்தை நீட்டிக்க ஆலோசனை பெற்றோர் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக உறங்கினர். உணவைப் பற்றி அவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. எனினும், மற்றவர்களோடு ஒப்பிடுகையில் அவர்கள் நாளொன்றுக்கு உண்டது சுமார் 270 கலோரி குறைந்தது.

நம் இல்லங்களில்

ஃபஜ்ர் தொழுகைக்கு ஐந்து மணிக்கு எழுபவர் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் படுத்தால் மிஞ்சுவது ஐந்து மணி நேரமே. விழிக்கும் நேரத்தைத் தள்ளிப்போட நமக்கு இயலாது. ஆகவே திருத்த வேண்டியது படுக்கும் நேரத்தைத்தான். இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது நாம் அறிந்ததே. இரவெல்லாம் நின்று வணங்க முனைந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் உறங்கச் சொன்னதையும், அதை நபியவர்கள் உண்மையென ஏற்றதையும் எண்ணிப் பாருங்கள். வணக்கத்திற்காக விழிப்பதிலேயே அளவு உண்டென்றால், கைப்பேசிக்காக விழிப்பதை என்னவென்பது?

இரவு உணவை இஷாவை ஒட்டியே முடித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமேனும் உறக்கம் தேவை; பள்ளி செல்லும் சிறுவர்களுக்கு ஒன்பது மணி நேரமேனும் தேவை. பிள்ளைகளை உறங்கச் சொல்லிவிட்டு நாம் திரையின் முன் அமர்ந்திருந்தால் அந்தச் சொல் எடுபடாது. ரமளானில் இரவு உறக்கம் குறைந்தால் பகலில் சிறிது உறங்கி ஈடுசெய்யுங்கள். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் உள்ளவர்கள் மருத்துவரை அணுக வேண்டும். பருமனால் வரும் அந்த நோய் உறக்கத்தையும் கெடுக்கும்.

உறக்கம் மட்டுமே எடையைக் குறைத்துவிடாது; உணவில் அளவும் உடலுழைப்பும் தேவைதான். ஆனால் உறக்கமின்றி அவ்விரண்டும் முழுப் பலன் தருவதில்லை. இன்றிரவே தொடங்குங்கள். நம் உடலுக்குரிய உரிமையை உணர்ந்து நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!