வண்டியைத் தாங்கும் வாயு



செலாயாங்கிலிருந்து ரவாங் செல்லும் சாலையில், தெம்ப்ளர் பூங்கா வழியாகப் போகிறவர்கள், உயர்ந்து நிற்கும் நான்கு சக்கர இயக்க வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய டயர், முன்னால் வின்ச், உடலெங்கும் செம்மண். நம் நாட்டில் 1997ஆம் ஆண்டு ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ என்னும் காட்டுப் பாதைப் போட்டி தொடங்கியது. அதற்குப் பிறகு நம் இளைஞர்களிடையே இந்த வண்டிகள் மேல் ஆர்வம் மேலும் பெருகியது. ஆர்வத்தோடு ‘ஏர் ஷாக்’ என்னும் பேச்சும் பட்டறைகளில் அடிபடுகிறது. அது என்ன, யாருக்கு ஏற்றது, எப்படிப் பொருத்துவது என்பதை இன்று பார்ப்போம்.

எந்த வண்டிக்கும் சக்கரத்தின் மேலே இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, எடையைத் தாங்குவது. அது ஸ்பிரிங்கின் வேலை. மற்றொன்று, குதித்த வண்டி மேலும் குதித்துக்கொண்டே இராமல் அடக்குவது. அது ஷாக் அப்சார்பரின் வேலை. ஏர் ஷாக் இந்த இரண்டையும் ஒரே குழாய்க்குள் செய்கிறது. குழாயில் பாதி எண்ணெய். மீதியில் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. கம்பிச் சுருள் கிடையாது. வண்டி வாயுவின் மேலேயே நிற்கிறது.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். முதலில் எளிதாக இறங்கும், போகப்போக இறுகும், கடைசியில் அசையாது. ஏர் ஷாக்கின் குணமும் இதுதான். சிறு கல்லில் ஏறும்போது மென்மையாகவும், பள்ளத்தில் விழும்போது கடினமாகவும் இருக்கும். எடையும் குறைவு. மெதுவாகப் பாறை ஏறும் வண்டிக்காரர்கள் இதை விரும்புவது இதனால்தான்.

ஆனால் வாங்குமுன் ஒரு கணக்குப் போட வேண்டும். வாயு எவ்வளவு தாங்கும் என்பது உள்ளே போய் வரும் தண்டின் பருமனையும் வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது. தண்டு ஒன்றேகால் அங்குல விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வெட்டுப் பரப்பு சுமார் 1.23 சதுர அங்குலம். அந்தச் சக்கரத்தின் மேல் 800 பவுண்டு எடை இருந்தால், வண்டி நிற்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 650 பவுண்டு அழுத்தம் வேண்டும். நாம் முதலில் அடைத்தது 200 பவுண்டு என்றால், வாயு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால்தான் அந்த அழுத்தம் வரும். அதாவது, வண்டி வெறுமனே நிற்கும்போதே ஷாக் பெரும்பகுதி அமுங்கிவிடும். அதே எடைக்குத் தண்டு ஒன்றே ஐந்தெட்டு அங்குலமாக இருந்தால் 390 பவுண்டு போதும். ஆகவே, லேசான வண்டிக்குச் சிறிய ஷாக். கனமான வண்டிக்குப் பெரியது, அல்லது கம்பிச் சுருளே மேல். விலையைக் கேட்குமுன் வண்டியை எடை போடுங்கள். ஆட்கள், கருவிகள், உதிரி டயர் எல்லாம் ஏற்றிய பிறகு போடுங்கள். அச்சும் சக்கரங்களும் ஷாக்கின் மேல் நிற்பவை அல்ல, அவற்றைக் கழித்துவிடுங்கள்.

இனிப் பொருத்தும் முறை. முதலில் வாயு இல்லாமலே ஷாக்கை மாட்டி, சக்கரத்தை முழுதும் மேலே தூக்கியும் கீழே தொங்கவிட்டும் பாருங்கள். ஷாக் அடிமுட்டுமுன் ரப்பர் தடை முட்ட வேண்டும். பிரேக் குழாய் இழுபடக் கூடாது. அடுத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவு எண்ணெய். பிறகு சக்கரங்கள் தொங்கும் நிலையில், இரு பக்கமும் ஒரே அளவாக நைட்ரஜன். வண்டியை இறக்கி, சிறிது ஓட்டி வந்து, வெளியே தெரியும் தண்டை அளந்து பாருங்கள். ஏறக்குறைய பாதி தெரிந்தால் நல்ல தொடக்கம்.

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள்: உயரத்துக்கு வாயு, அடிமுட்டலுக்கு எண்ணெய். வண்டி தாழ்ந்து நின்றால் வாயுவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உயரம் சரியாக இருந்தும் பள்ளத்தில் அடி முட்டினால் எண்ணெயைச் சிறிது கூட்டுங்கள். எண்ணெய் சுருங்காது, வாயுவின் இடம் குறைவதால் முடிவில் விரைவாக இறுகும். அளவு மீறினால் எண்ணெயே தண்டைத் தடுத்து, தாங்கியைப் பிய்த்துவிடும்.

இதற்குக் குறைகளும் உண்டு. மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் லாரி போல, இன்று சுமை, நாளை வெறுமை என்று ஓடும் வண்டிக்கு இது ஒத்துவராது. வேகமாக நெடுந்தூரம் ஓடினால் எண்ணெய் சூடேறும். வாயுவோடு கலந்து நுரைக்கும். அடக்கும் சக்தி குறையும். 27 டிகிரி வாயு 87 டிகிரிக்குச் சூடேறினால், அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இங்கே அது வண்டியையே மேலே தூக்கும். பக்கச் சரிவிலோ நடுப்பகுதியின் மென்மையால் வண்டி அதிகம் சாயும். சாய்வைத் தடுக்கும் கம்பி இல்லாமல் உயரத்தை மட்டும் கூட்டுவது ஆபத்து. அன்றாடம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டியாக இருந்தால், பழைய ஸ்பிரிங்கே உங்களுக்கு நண்பன். பொதுச் சாலையில் ஓடும் வண்டியை மாற்றுவதாக இருந்தால், முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளைக் கேட்டறியுங்கள்.

கடைசியாக, உயிரைக் காக்கும் இரண்டு சொற்கள். வாயுவை முழுவதும் வெளியேற்றாமல் ஷாக்கைத் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் பாகம் குண்டு போலப் பாயும். இரண்டாவது, ஒட்டுவேலை செய்யும் பட்டறையில் நைட்ரஜன் உருளைக்குப் பக்கத்திலேயே ஆக்ஸிஜன் உருளையும் நிற்கும். அழுத்தமான ஆக்ஸிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். உருளையின் நிறத்தை நம்பாதீர்கள். அதன் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள். அவசரப்படுத்தும் நண்பரை அரை நிமிடம் காக்க வைத்தாலும் குற்றமில்லை.

காட்டுக்குள் போகிறவர் வீடு திரும்புவதுதான் முதல் வெற்றி.