மீனுக்கு முன்னே வரும் குடிகள்

காலையில் உப்புக் கரைத்து நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் மாலையே ஒரு கோமாளி மீனை வாங்கி விட்டுவிட்டு, மூன்றாம் நாள் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து செவுள் துடிக்க மூச்சு வாங்குவதைக் கண்டதும், நோயுற்ற மீனைத் தம் தலையில் கட்டிவிட்டார் கடைக்காரர் என்று நொந்துகொள்வோர் பலர். பெரும்பாலும் குற்றம் மீனிடத்திலுமில்லை, விற்றவரிடத்திலுமில்லை; பார்வைக்கு அத்தனை தெளிவாக நிற்கும் அந்த ஜலத்திலேதான் இருக்கிறது.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரையும் அழுகி அதையே பெருக்குகிறது. சமுத்திரத்தில் அதற்குப் போக்கிடம் உண்டு; 40 லிட்டர் தொட்டியில் இல்லை. போதாக்குறைக்குக் கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையதாதலால், நன்னீரில் பெரும்பாலும் தீங்கற்ற உருவில் கிடக்கும் அம்மோனியாவில், இங்கே அதைக் காட்டிலும் சுமார் பத்து மடங்கு பங்கு விஷ உருவில் நிற்கிறது. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் உப்புத் தொட்டியில் திடுக்கிட்டுப் போவதற்கு இதுவே முதற் காரணம்.

இந்த விஷத்தை உண்டு ஜீவிக்கும் சூக்ஷ்மப் பிராணிகள் உண்டென்பதை உலகம் அறிந்த கதை ரசமானது. 1877-ல் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானிகளான ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்ல வடியவிட்டனர். சுமார் 20 நாட்கள் ஒன்றும் நிகழவில்லை. புகுந்த அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன் பிறகு நைட்ரேட் தலைகாட்டி, அம்மோனியா மறைந்தது. வெறும் ரசாயன மாற்றமாயின் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டுமல்லவா? ஐயம் தீரக் குழாயினுள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினர். மாற்றம் உடனே நின்றது. உயிருள்ள ஏதோவொன்றின் வேலை அது என்பது அவ்வாறு தெளிவாயிற்று. 1890-ல் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்: ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டி வைத்திருப்பவர் வாரக்கணக்கில் காத்திருப்பது, அந்தப் பிரெஞ்சுக் குழாயின் சோதனையைத் தம் கூடத்தில் மறுபடி நடத்துவதேயன்றி வேறில்லை.

காத்திருப்பு ஏன் இத்தனை நீளமென்றால், அனுகூலமான நிலையில் இருபது நிமிஷத்துக்கொரு முறை இரட்டிக்கும் பாக்டீரியாக்களும் உலகில் இருக்க, இவை இரட்டிப்பதற்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளே பிடிக்கும். நீரில் மிதந்து திரிவதைவிட மணலிலும் கல்லிலும் ஃபில்டரின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வதே இவற்றின் சுபாவம். புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்காமல் மாவு ஊற்றாத நம் இல்லங்களில், தொட்டியைப் பழக்குவதற்கு மட்டும் பொறுமை இல்லாதது விந்தைதான்.

ஆரம்பம் எளிது. குளோரின் நீக்கிய நீர், கூடுமானால் ஆர்.ஓ. நீர், அதில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் மீன் தொட்டிக்கென விற்கும் கடல் உப்புக் கலவை; சமையலுப்பு இதற்கு உதவாது, மக்னீசியமும் கால்சியமும் அதில் போதிய அளவு இராது. ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியம் குளோரைடு கரைசலைத் துளித் துளியாகச் சேர்த்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா இருக்கும்படி செய்துகொள்ள வேண்டும். ஒரு சிட்டிகை மீன் தீனியை அழுகவிட்டும் காரியத்தைச் சாதிக்கலாம். உயிருள்ள மீனையே இதற்குப் பலியிடும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

டெஸ்ட் கிட் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண். முதலில் அம்மோனியா நிற்கும். பிறகு அது சரிய நைட்ரைட் ஏறும். அதுவும் சரிய நைட்ரேட் மிஞ்சும். கடல்நீரிலுள்ள குளோரைடு தடுப்பதால் நைட்ரைட் இங்கே அவ்வளவு கொடியதல்லவெனினும், அது தென்பட்டுக்கொண்டிருக்கும்வரை இரண்டாம் வகைக் குடி நிலைபெறவில்லை என்று கொள்ளவேண்டும். இடையில் கல்லின்மேல் பழுப்புப் பாசி படர்ந்து தொட்டியே கெட்டுவிட்டதுபோல் தோன்றும். பதறித் தேய்த்துக் கழுவ வேண்டாம், அது பெரும்பாலும் தானே அடங்கும். ஆவியாகும் நீரின் கணக்கையும் மறக்கலாகாது: 40 லிட்டரில் 2 லிட்டர் வற்றினால் உப்பு 35-லிருந்து ஏறக்குறைய 37-க்கு ஏறிவிடும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. ஆகவே ஈடு செய்ய வேண்டியது நன்னீரால். சிறிய தொட்டி சுலபமென்பது வெறும் பிரமை. பெரிய தொட்டி பிழைகளை மன்னிக்கும், சிறியது மன்னிக்காது.

வெளிநாடுகளில் பவளத்திட்டிலிருந்து எடுத்த உயிர்க்கல்லைப் போட்டு இந்தக் காலத்தைச் சுருக்குவதுண்டு. மன்னார் வளைகுடாவில் அப்படிக் கல் எடுப்பது குற்றம். பவளங்கள் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலோ பழைய ஃபில்டர் பஞ்சோ கிடைத்தால் பாக்கியம். இல்லாவிடில் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம்.

2 மில்லிகிராம் அம்மோனியா இட்ட இருபத்துநான்கு மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால், பாதிக்குமேல் நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்து, ஒரே ஒரு மீனை விடலாம். பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீனே கேட்டு வாங்குவது நல்லது. இரை கொஞ்சமாக, அடுத்த மீன் சில வாரம் கழித்து, ஏனெனில் பாக்டீரியாவின் தொகை கிடைக்கும் கழிவுக்கேற்பவே கூடுகிறது. ஃபில்டர் பஞ்சு அழுக்கேறினால் தொட்டியிலிருந்து எடுத்த உப்பு நீரிலேயே அலசவேண்டும். குழாயடியில் பிழிந்தால், குளோரின் அத்தனை வாரத்து உழைப்பையும் ஒரு நொடியில் அழித்துவிடக் கூடும்.