இரவே முடியும் காலைச் சமையல்: ராகிக் கூழும் மாட்சா ஓட்ஸும்

காலை உணவுக்கான வேலையை முந்தின இரவே முடித்துவைப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்து வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் கேழ்வரகை ஊரில் ராகி என்பார்கள். அந்த ராகி மாவு களியாகி, இரவெல்லாம் தண்ணீரில் கிடந்து, விடிந்ததும் மோர் சேர்ந்து கூழாகிறது. இளைஞர்களிடையே இன்று பரவிவரும் மாட்சா ஓட்ஸும் இதே ஏற்பாடுதான். தானியமும் ஊறும் முறையும் மட்டுமே வேறு. ஓசூர்த் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்புகிறவர்களுக்கு அடுப்பு மூட்டாத காலை உணவு பெரிய உதவி. எதை, எப்படி ஊறவைப்பது என்று தெரிந்துகொண்டால் இரண்டையுமே நன்றாகச் செய்யலாம்.

கூழ் இரண்டு இரவு வேலை. முதல் நாள் மாலையில் ஒரு டம்ளர் ராகி மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடிவைக்க வேண்டும். காற்றிலும் மாவிலும் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கும். காலையில் மேலே சிறு குமிழ்களும் இளம்புளிப்பு வாடையும் தெரிந்தால் பதம் சரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழிக் குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். பழைய கூழில் ஒரு கரண்டி சேர்த்துவிட்டால் நேரத்துக்குப் புளித்துவிடும். கீழே கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அத்தனை நேரம் விடக் கூடாது.

மறுநாள் கால் டம்ளர் அரிசி நொய்யை நான்கு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, புளித்த கரைசலை ஊற்றி, தீயைக் குறைத்து மரத்துடுப்பால் கிண்ட வேண்டும். அவசரப்படக் கூடாத இடம் இது. மாவின் வெளிர் நிறம் மாறிக் கருஞ்சிவப்பு ஏறும்; பச்சை வாடை போய் வெந்த மணம் வரும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தால் களி ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. ஆறியதும் ஈரக்கையால் உருட்டி, மண்சட்டியில் போட்டு, உருண்டைகள் மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் இரண்டாம் இரவின் ஊறல் தொடங்கும்.

காலையில் ஓர் உருண்டையை எடுத்து, ஊறிய தண்ணீரோடு கையால் பிசைந்து, உப்பும் மோரும் நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்தால் கூழ் தயார். ஐந்து நிமிடம்கூட ஆகாது. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், கருவாடு, முந்தின நாள் கீரைக் கடைசல் எதுவும் பொருந்தும். மாங்காய்ப் பருவத்தில் இந்த மாவட்டத்துத் தோப்புகளில் காய்த்துத் தொங்கும் கிளிமூக்கு மாங்காயின் ஒரு கீற்றுக்கு ஈடு கிடையாது. மாங்காயின் வைட்டமின் சி, ராகியின் இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் உதவுகிறது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலும் இதே குடும்பம்தான்: அங்கே களி உருண்டை ராகி முத்தே, நீர்க்கக் கரைத்தது அம்பலி.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியமும் 11 கிராம் நார்ச்சத்தும் 7 கிராம் புரதமும் உண்டு. தானியங்களில் இவ்வளவு கால்சியம் வேறு எதிலும் இல்லை. ஆனால் ராகியில் இருக்கும் பைட்டிக் அமிலம் கால்சியத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மாவு புளிக்கும்போது அந்த அமிலம் குறைகிறது. ஆகவே இரவு முழுக்கப் புளிக்கவிடுவது ருசிக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ராகி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை தவறு. நைசாக அரைத்த மாவில் செய்த களியும் கூழும் இரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு, பயறோ காயோ சேர்த்துச் சாப்பிடுவதே நல்லது.

ஓட்ஸை ஊறவைத்துச் சாப்பிடும் பழக்கம் சுவிட்சர்லாந்தில் 1900ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. மாக்ஸிமிலியன் பிர்ச்சர் பென்னர் என்ற மருத்துவர் தம் நோயாளிகளுக்கு ஊறிய ஓட்ஸில் துருவிய ஆப்பிளும் எலுமிச்சையும் கொட்டைகளும் சேர்த்துக் கொடுத்தார். ஓட்ஸைக் காய்ச்சாமல் சாப்பிட முடிவதற்குக் காரணம் இருக்கிறது. ஆலையில் ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய பிறகே அது பாக்கெட்டுக்குள் போகிறது. ராகி மாவு அப்படியல்ல. அதைப் பச்சையாகப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடக் கூடாது. மாவுச்சத்தும் எளிதில் செரிக்காது, கிருமிகளும் சாகாது. ஓட்ஸ் போலவே ராகியை ஊறவைக்க விரும்புகிறவர்கள் ராகி அவலைப் பயன்படுத்தலாம்.

மாட்சா ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி. பறிப்பதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே செடிகளுக்கு நிழல் கட்டிவிடுவார்கள். வெயில் குறைவதால் இலையில் பச்சையம் கூடி, கசப்பு தணிந்து, நிறம் ஆழமாகிறது. பறித்த இலையை ஆவிகாட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். கியோட்டோ அருகிலுள்ள உஜி இதற்குப் பேர்போன ஊர். தேநீரில் இலையின் சாறு மட்டும்தான் உள்ளே போகும், மாட்சாவில் இலையே போகிறது.

ஒருவருக்கு 40 கிராம் ஓட்ஸ், 120 மில்லி காய்ச்சி ஆறிய பால், இரண்டு மேசைக்கரண்டி தயிர், ஒரு தேக்கரண்டி சியா விதை போதும். இரண்டு கிராம் மாட்சாவைச் சல்லடையில் சலித்து, கொதிக்காத வெந்நீர் கொஞ்சம் விட்டு நுரைக்க அடித்துக்கொள்ள வேண்டும். நேரடியாகப் பாலில் கொட்டினால் பச்சைக் கட்டிகள் மிதக்கும். கொதிநீர் விட்டால் கசக்கும். எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் கலந்து ஆறு முதல் எட்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓட்ஸ் பாலைக் குடித்துக் கெட்டியாகும். காலையில் வாழைப்பழமோ மாம்பழமோ நறுக்கிப் போட்டால் சர்க்கரையே தேவைப்படாது. 100 கிராம் ஓட்ஸில் கால்சியம் சுமார் 50 மில்லிகிராம்தான். புரதம் ராகியைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு. பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மாட்சாவில் காஃபீன் இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். தேயிலையின் பாலிஃபீனால்கள் தானிய இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். இரத்தசோகை உள்ள பெண்கள் மாட்சா இல்லாமல் ஓட்ஸைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடிப்பது நல்லது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வாடகை அறையில் பால் சேர்த்த ஓட்ஸை இரவு முழுக்க வெளியே வைத்தால் கெட்டுவிடும். மண்சட்டிக் கூழுக்கு அந்தச் சிக்கல் குறைவு. அதன் புளிப்பே ஓரளவு காவல். ஆனாலும் மேலே பூஞ்சை தெரிந்தாலோ, தண்ணீர் கொழகொழப்பாகி நாற்றமடித்தாலோ கொட்டிவிட வேண்டும். தண்ணீரை நாளுக்கு ஒருமுறை மாற்றி, உருண்டைகளை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுவது பாதுகாப்பு.

ராகி கிடைப்பது இங்கே கடினமல்ல. கிருஷ்ணகிரியை அடுத்த பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பையூர் 2 என்ற ராகி ரகம் வந்தது. ஐ.நா. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த 2023இல், தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் அட்டைதாரர்களுக்கு அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதற்கான ராகி கிருஷ்ணகிரி, தர்மபுரி விவசாயிகளிடமிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்யப்பட்டது. ரேஷன் ராகியானாலும் கடை ராகியானாலும் கல் நீக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வது நல்லது. முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் மாவு இன்னும் எளிதில் செரிக்கும். குழந்தைகளுக்கான கஞ்சிக்கு அந்த மாவையே எடுக்கலாம்.